ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அல்சூரில் தனி அறை போடலாமா?

மர்பிடவுன்காரி, பெங்களூரு

வணக்கம். இங்கே வாசிக்க மட்டும் வந்துபோகிறவள் நான். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டிய நிலை.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனப் பிரச்சினைகளுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் டெஸ்டும் பார்ப்பவள். வயது 34. எம்.பில். முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடமும் ஒரே தனியார் ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம். பிடித்தம் போக 58,000 கைக்கு வருகிறது. ஒன்பது முதல் ஐந்து என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆறரைக்கு முன்னால் கிளம்பிய நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குறை சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். போன வருடம் ஓ.பி.யை மாற்றிக் கட்டும்போது என் அறையை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கினார்கள். அந்தப் பாதி டயட்டீஷியனுக்கு. பாவம், அவர் நல்ல பெண்தான். ஆனால் என் எதிரே ஒரு அம்மா, இருபத்தோரு வயது மகனைப் பறிகொடுத்தவர், மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "ராகிக் கஞ்சி குடிக்கலாம்மா, சர்க்கரை மட்டும் போடாதீங்க, மோர் ஊத்திக்குங்க" என்று கேட்கிறது. அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வரவே இல்லை.

இன்னொன்று, டெஸ்ட். பெற்றோர் காலையில் பிள்ளையைக் கூட்டி வந்தால் மாலைக்குள் ஐ.க்யூ. அறிக்கை கையில் இருக்க வேண்டும். குழந்தை தூங்கி விழுகிறதா, பயந்துபோயிருக்கிறதா, வீட்டில் என்ன மொழி, இதெல்லாம் பில்லிங் கவுன்டருக்கு வேண்டாத சங்கதி. நான் கூடுதலாக ஒரு நாள் கேட்டால், "டயர்டா இருக்கீங்களா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். ஓ.பி. பலகையில் இன்றுவரை என் பெயருக்குக் கீழே 'கவுன்சிலர்' என்றுதான் போட்டிருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

சரி, சொந்தமாக நோயாளிகளைப் பார்க்க அல்சூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி அறை பார்த்திருக்கிறேன். வாடகை 16,000. நம்ம ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், ஆக 1,60,000. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தம்பிக்குக் கல்லூரி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கணவர், "உனக்குச் சரின்னு பட்டா செய்" என்கிறார். அதைக் கேட்டால் பயம் இன்னும் கூடுகிறது!

தனியாகப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் வருடம் எப்படிப் போனது? நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? அப்புறம் எனக்கு உண்மையான சந்தேகம் இதுதான்: என்னிடம் நன்றாகப் பேசுகிறவர்கள் முக்கால்வாசித் தமிழ்க் குடும்பங்கள். அல்சூர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்து மக்கள். தனி அறையில் ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் அவர்களால் கொடுக்க முடியுமா?

---

ஒயிட்ஃபீல்டு ராஜா

அறை எதுக்குங்க? எல்லாம் ஆன்லைன்ல பண்ணலாமே. வாடகையும் மிச்சம், டிராஃபிக்கும் மிச்சம்.

---

மர்பிடவுன்காரி

ராஜா, பாதிப் பேருக்குச் சரிப்படும். மீதிப் பாதி ஒற்றை அறை வீட்டில் மாமியார், பிள்ளைகளோடு இருப்பவர்கள். ஒரு பெண் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் உட்கார்ந்து என்னிடம் வீடியோவில் பேசினாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால், "சரி ஆன்ட்டி, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாள்.

---

லிங்கராஜபுரம் அக்கா

தங்கச்சி, உன் பிளைவுட் கதையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆஸ்பத்திரிகளில் 13 வருடம், சொந்த அறையில் 11 வருடம் ஓட்டியவள் நான். மாடி அறைதான், பத்துக்குப் பன்னிரண்டு. கீழே ஒரு தையல் கடை.

அந்தத் தையல் கடை எனக்கு வரம். அறை பார்க்கப் போன அன்று தரகர், "சத்தம் இருக்கும் மேடம், ஆயிரம் ரூபா குறைச்சுப் பேசலாம்" என்றார். மூன்று மெஷின், மூன்றுக்கும் மோட்டார். நான் உள்ளே நின்று தரகரை வெளியே படிக்கட்டில் நிற்கச் சொல்லி, சாதாரணக் குரலில் ஒன்று முதல் இருபது வரை எண்ணினேன். "என்ன கேட்டது?" என்றால், "ஒண்ணும் கேக்கல மேடம், மெஷின் சத்தம்தான்" என்றார். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நீயும் அதே சோதனையைச் செய்து பார். வாடகையைவிட அதுதான் முக்கியம். காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறந்தால் எதிர்வீட்டு சமையலறை தெரிகிறதா, அதையும் பார்த்துக்கொள்.

படிக்கட்டையும் பார். நம் ஆட்கள் இருக்கும் தெருவில் ஒருவர் மாடி ஏறினால் மறுநாள் கோயில் வாசலில் சேதி போய்விடும். மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் பெயரையே நம்மூரில் திட்டுகிற வார்த்தையாக வைத்திருக்கிறார்களே! இந்த நாட்டில் நம் படிப்பே முதலில் அங்கேதான் தொடங்கியது. ஓசூர் ரோட்டில் அது அகில இந்திய மனநல நிறுவனமாக இருந்த காலம், 1955. அதெல்லாம் யாருக்குத் தெரியும்? என் பலகையில் பெயர், படிப்பு, பதிவு எண், அவ்வளவுதான் இருக்கும். மூளைப் படமோ தலையில் கைவைத்த பெண் படமோ கிடையாது. ஒருவர் போனபின் அடுத்தவர் வர இருபது நிமிடம் இடைவெளி விடுவேன். அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள், ஆனால் அதனால்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். முதல் மாதம் நான் பார்த்தது நான்கு பேர். நான்காவது ஆள் வீட்டுக்காரரின் மச்சினி, அவரிடம் காசு வாங்கவில்லை. ஆறாவது மாதம்தான் அறை வருமானத்திலிருந்தே வாடகை கொடுக்க முடிந்தது. எட்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வேலையை விடாதே. முடிந்தால் வாரம் மூன்று மாலை என்று தொடங்கு. அதற்கு முன் உன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படி. வெளியே நோயாளிகளைப் பார்க்கக்கூடாது என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கும். இருந்தால் பேசி எழுத்தில் மாற்றிக்கொள், திருட்டுத்தனமாகச் செய்யாதே. ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்துகொண்டு உன் கார்டை நீட்டுவதும் வேண்டாம். அவர்களாகத் தேடி வந்தால் அது அவர்கள் விருப்பம்.

1,500 கொடுப்பார்களா என்று கேட்டாய். கொடுக்கிறவர்கள் கொடுக்கிறார்கள். வாரத்தில் இரண்டு இடம் நான் 300 ரூபாய்க்கு வைத்திருக்கிறேன், செவ்வாய் மதியமும் வியாழன் மதியமும். அந்த இரண்டும் எப்போதும் நிரம்பியே இருக்கும். யாருக்கு என்பதை நான்தான் முடிவு செய்வேன், பேரம் கிடையாது. முழுக் கட்டணக்காரர்களிடம் முன்பணமாகப் பாதியைக் கூகுள் பேயில் வாங்கிவிடுவேன். இதற்கு நான் கூச்சப்பட்ட காலம் உண்டு. மழை பெய்தால் சில்க் போர்டு தாண்டி ஒருவரும் வரமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் வராவிட்டால் டீ குடிக்கலாம். இங்கே ஆள் வராவிட்டால் அன்றைய கரன்ட் பில் உன் தலையில். கூச்சம் தானாகப் போய்விட்டது.

இதெல்லாம் சமாளித்துவிடலாம் தங்கச்சி. சமாளிக்க முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

அறை போட்ட இரண்டாவது வருடம். 71 வயதுப் பெரியவர் ஒருவரை மகன் அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). மனைவி போய் ஏழு மாதம். பேச்சு குறைந்துவிட்டது, பேப்பர் படிப்பதில்லை, நாளெல்லாம் படுக்கை, சில சமயம் பேரன் பெயர் மறந்துபோகிறது. இதைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் போய்விட்டாள், மனிதர் உடைந்திருக்கிறார். ஐந்து தடவை பார்த்தேன். மனைவியைப் பற்றிப் பேசினோம், அவர் சமையல், அவர் கோபம், எல்லாம். பெரியவர் கொஞ்சம் கேட்டுக்கொள்வார், அப்படியே உறைந்ததுபோல் உட்கார்ந்துவிடுவார். துக்கம் ஆழமாக இருக்கிறது என்று குறிப்பில் எழுதிவைத்தேன். கையெழுத்துகூட அழகாக இருக்கும்.

ஆறாவது தடவை நான் வர தாமதம். கீழே தையல் கடையில் சாவி வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறினேன். அன்றைக்குக் கரன்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. அமைதியில் அவர் செருப்பு கேட்கிறது. வலது கால், டப். இடது கால், சர்ர்ர். மறுபடி டப், சர்ர்ர். இடது செருப்பு ஒவ்வொரு படியிலும் உரசிக்கொண்டு போகிறது.

மேலே போனதும் மகனிடம் கேட்டேன், "அப்பா எங்கேயாவது விழுந்தாரா?" அவர் யோசித்து, "ரெண்டு மாசம் முன்னாடி பாத்ரூம்ல லேசா வழுக்கினார் மேடம். அடி ஒண்ணும் படல" என்றார். அன்றைக்கே சி.டி. ஸ்கேன். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், மேலே உள்ள நரம்பு போன்ற சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான இடியே போதும், சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும். ஓட்டை போட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். மூன்றாவது வாரம் தானே படியேறி வந்தார். உட்கார்ந்ததும், "இப்பத்தாம்மா அவ நெனப்பு வருது" என்று அழுதார். துக்கத்துக்கான வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஐந்து வாரம் நான் விழுந்தாரா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் நான் கேட்கிற ஆள் இல்லை. அங்கே கேட்கத் தேவையே இல்லாமல் இருந்தது. வராந்தா என்று ஒன்று இருந்தது. என் அறைக்கு வருவதற்குள் நோயாளியின் நடையை நர்ஸ் பார்த்திருப்பாள், யாரோ ரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள், நியூரோ டாக்டர் கடந்துபோகும்போது, "சார், ஒரு நிமிஷம் இவரைப் பாருங்களேன்" என்று சொல்லலாம். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் பாதி வேலையை அந்த வராந்தா செய்திருக்கிறது. மாடி அறைக்கு வராந்தா கிடையாது. நீயே கட்டிக்கொள்ள வேண்டும்.

நான் கட்டியது இப்படி. நடந்து போகிற தூரத்தில் ஒரு ஜெனரல் டாக்டர். போனை எடுக்கிற ஒரு சைக்கியாட்ரிஸ்ட் (மாத்திரை எழுதும் மனநல டாக்டர்), அவசரத்துக்கு இன்னொருவர். முதல் சந்திப்புக்கு வரும்போதே மாத்திரை அட்டைகளையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் எடுத்துவரச் சொல்கிறேன். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒரு கண் பார்க்காமல் சோர்வு என்று வந்தவர்களிடம் பேச ஆரம்பிப்பதில்லை. விழுந்தீர்களா என்று இப்போது இருபது வயதுப் பிள்ளைகளிடம்கூடக் கேட்டுவிடுகிறேன், சிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் எந்த ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு அனுப்புவது, அங்கே யாரிடம் பேசுவது என்று மேஜை டிராயரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் இரவு பத்துக்குமேல் போன் எடுப்பதில்லை. அதை முதல் நாளே சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐயும் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அது 2022 அக்டோபரிலிருந்து ஓடுகிறது, ராத்திரி பகல் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் மூன்று பேர் என் அறையில் உட்காருவோம். மூன்று பேரும் தனியாகத் தொழில் செய்கிறவர்கள். பெயர் சொல்லாமல் ஆளுக்கு ஒரு கேஸ், அந்த மாதம் எது நன்றாகப் போகவில்லையோ அது. நன்றாகப் போனதைச் சொல்ல அனுமதி இல்லை. இது இல்லாமல் தனியாக உட்கார்ந்தால் இரண்டு வருடத்தில் நம்மைப் பற்றி நமக்கே ரொம்ப உயர்வான எண்ணம் வந்துவிடும்.

டெஸ்ட் பற்றி நீ சொன்னது மிகச் சரி. என்னிடம் ஒரு பையன் வந்தான், வேறு இடத்து அறிக்கையில் ஐ.க்யூ. 68. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். அவனைச் சோதித்தது இங்கிலீஷில். ஐ.க்யூ. பார்க்கும் பினே-காமத் சோதனையே 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்துத் தகவமைத்தது. அதை எந்த மொழியில் கேட்கிறோம் என்பது சின்ன விஷயமா? பேச்சு வேண்டாத சோதனைகளையும் சேர்த்து, இரண்டு காலை வேளையில், தமிழில் விளக்கிச் செய்தேன். மந்தம் இல்லை, வாசிப்பில்தான் சிக்கல். (கேள்விகளை இங்கே எழுதமாட்டேன், பொதுவெளியில் விட்டால் சோதனையே செத்துப்போகும்.) தனி அறையில் உனக்குக் கிடைக்கப்போகிற பெரிய சம்பளம் இந்த இரண்டாவது காலை வேளைதான். ஆனால் பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடு: ஊனச் சான்றிதழை உன் கையெழுத்தில் கொடுக்க முடியாது, அது அரசு மருத்துவக் குழு கொடுப்பது. பள்ளிச் சலுகைக்கும் பல இடங்களில் அரசு ஆஸ்பத்திரித் தாளைத்தான் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால், "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்று தெருவே பேசும்.

சோதனைப் பெட்டிகளை ஒரேயடியாக வாங்காதே. வாங்கினால் ஒரிஜினல் வாங்கு. ரோர்ஷாக் சோதனையின் மைக்கறைப் படம் போட்ட பத்து அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த மையின் அழுத்தமும் நிறமும்தானே சோதனை, ஜெராக்ஸில் எதைப் பார்க்கிறார்களோ!

---

மாவு மில்காரன், ஸ்ரீராமபுரம்

நான் டாக்டரும் இல்லை, படித்தவனும் இல்லை. நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன். சொல்லலாமா?

எனக்குப் பூட்டு வியாதி. ஷட்டரைப் பூட்டிவிட்டு மெஜஸ்டிக் போய் பஸ் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பூட்டினோமா இல்லையா என்று. இறங்கித் திரும்பி வருவேன். பூட்டியிருக்கும். இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போவேன். ஒரு நாள் நான்கு முறை. கடைசியில் மில்லிலேயே படுத்துவிட்டேன். வீட்டில், "யாரையாவது வெச்சிருக்கியா?" என்று சண்டை.

முதலில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். மாத்திரை நன்றாகத்தான் கேட்டது. பேச அனுப்பிய இடத்தில்தான், நாலு மாதத்தில் மூணு பேர் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் பூட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லணும். மூணாவது அம்மாவிடம் சொல்லும்போது எனக்கே அலுத்துவிட்டது.

அப்புறம் தனியாக வைத்திருக்கும் ஒருத்தரிடம் போனேன். தமிழ்ப் பெண், மகள் வயசு. மாத்திரையை நிறுத்தாதீங்க என்று முதல் நாளே சொல்லிவிட்டது. அஞ்சாவது வாரம் அந்தப் பெண் மில்லுக்கே வந்தது. "ஒரு தடவை பூட்டுங்கண்ணே. இழுத்துப் பாக்காதீங்க. வாங்க போகலாம்." பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூட நடந்தது. "இப்ப பயம் பத்துக்கு எவ்வளவு?" எட்டு. திரும்பிப் பார்க்கக்கூடாது. ஸ்டாப்பில் முப்பது நிமிஷம் நின்றோம், மூணு பஸ்ஸை விட்டோம். எனக்கு வேர்த்துக் கொட்டுது, அது பாட்டுக்கு மாவு அரைக்கிறதைப் பற்றி விசாரிக்குது. அப்புறம் ஏழு, அஞ்சு. நாலு ஆனதும், "ஏறுங்கண்ணே" என்றது. ஏறினேன்.

காசு கேட்டீங்களே. என் மாதிரி ஆளுக்கு 1,500 பெரிசுதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனேன். நாலு தடவை திரும்பி வந்த நாளில் போன வியாபாரத்தைக் கணக்குப் போட்டால் 1,500 பெரிசில்லை. ஆனால் முதல் நாளே எத்தனை தடவை வரணும் என்று தோராயமாகச் சொல்லிடுங்க. அது தெரியாமல்தான் நம்ம ஆளுங்க ரெண்டாவது தடவை வரமாட்டாங்க.

---

ஒரு சைக்கியாட்ரிஸ்ட்

லிங்கராஜபுரம் மேடம் எழுதியதில் எனக்குச் சேர்க்க அதிகம் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று. நோயாளியை அனுப்பும்போது, "மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறார்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எத்தனை தடவை பார்த்தீர்கள், எதைப் பார்த்துப் பயந்து அனுப்புகிறீர்கள், இரண்டு வரி போதும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு அனுப்பாதீர்கள். "மேடம் மாத்திரை வேண்டாம்னாங்களே" என்று எதிரே உட்கார்ந்து சொல்வார்கள்.

ஐம்பது வயதுக்குமேல் வாழ்க்கையில் முதன்முறையாகக் குரல் கேட்கிறது, சந்தேகப்படுகிறார், திடீரென்று ஆளே மாறிவிட்டார் என்றால் பேசிப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். உடம்பை முதலில் பார்க்க வேண்டும். சோடியம் குறைந்தே மனிதர்கள் உளறுவதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

மாதத்தில் ஒரு தடவை வந்து நேரில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். போனில் கேட்ட குரலைவிடப் பார்த்த முகத்துக்கு நாங்களும் சீக்கிரம் போன் எடுப்போம். நாங்களும் மனிதர்கள்தானே.

---

எம்.எஸ்சி. மாணவி, ஆஸ்டின் டவுன்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த வருடம் எம்.எஸ்சி. சைக்காலஜி முடிகிறது. அதோடு நானும் ஒரு அறை போட்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளலாமா? எம்.பில். இனி இல்லை என்கிறார்களே?

---

லிங்கராஜபுரம் அக்கா

போட்டுக்கொள்ளக்கூடாதும்மா. 2017 மனநலச் சட்டத்திலேயே யார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று எழுதியிருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த பயிற்சி, கண்காணிப்பில் வேலை பார்த்த இரண்டு முழு வருடம், இதெல்லாம் வேண்டும். எம்.எஸ்சி.யோடு கவுன்சிலிங் வேலை செய்கிறவர்கள் நிறைய, நன்றாகவும் செய்கிறார்கள். அந்தப் பெயரை மட்டும் போடக்கூடாது.

எம்.பில். என்கிற பட்டத்தையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்தியது. நம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தார்கள். நீ சேரும் வருடம் எந்தப் படிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை ஆர்.சி.ஐ. தளத்தில் நீயே பார். கல்லூரி விளம்பரத்தை நம்பி பணம் கட்டாதே. அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா, அந்த ஆண்டுக்கு இருக்கிறதா, மூன்றும் வேறு வேறு.

முடிந்தால் வார்டு இருக்கிற இடமாகப் பார்த்துச் சேர். இரண்டு வருடத்தில் பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்திருக்க வேண்டும், ராத்திரி டியூட்டியில் கூட நின்றிருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நேராக மாடி அறைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாரையும் 'ஸ்ட்ரெஸ்' என்றே எழுதுவார்கள்.

---

மர்பிடவுன்காரி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, செருப்புச் சத்தத்தைப் படித்துவிட்டு நேற்று ஓ.பி.யில் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர், "செருப்பை வெளியே விடணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டார்.

நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வரி ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை எச்.ஆரிடம், வாரம் நான்கு நாள் ஆக்கிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மீதி நாள் வெளியே பார்க்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்று கேட்கப்போகிறேன். மாட்டேன் என்றால் தம்பி படிப்பு முடியும்வரை இருப்பேன், அதற்குள் எட்டு மாதப் பணத்தைச் சேர்ப்பேன். அண்ணே, எத்தனை தடவை வரணும் என்று முதல் நாளே சொல்லச் சொன்னீர்களே, அதை இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று மூன்று பேரிடம் சொன்னேன்.

நேற்று மாலை கணவரை அல்சூர் அறைக்கு வெளியே நிறுத்தி இருபது வரை எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை தெளிவாகக் கேட்டதாம், பதினெட்டில் ஆட்டோ வந்துவிட்டதாம். அந்த அறை வேண்டாம். கீழே தையல் கடை, அரவை மில், இப்படி ஏதாவது இருக்கிற மாடியாகத் தேடச் சொல்லித் தரகரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா, ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தையல் கடை லீவுதானே? அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

---

லிங்கராஜபுரம் அக்கா

வாசலில் பழைய டேபிள் ஃபேன் ஒன்றைச் சுவரைப் பார்த்துப் போட்டுவிடுவேன். கடகடவென்று ஓடும். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே, சத்தம் போய்விடும்.